'வரும்' என்ற சொல்லில் ஒரு கீறல்

கல்ஃபுக்குப் போகும் முன் அண்ணன் வாங்கிய மலையாளப் பாட்டு ரெக்கார்டில் ஒரு கீறல் உண்டு. ஊசி அங்கே சிக்கி, "வரும், வரும்" என்றே பாடும்.

"வரும்ணா சாமானுதானே? ஆளுண்ணா வருவான்லா" என்று தமிழ் இலக்கணம் பேசி அவனைச் சீண்டுவேன்.

"மலையாளத்துல ஆளும் வரும் மக்கா" என்பான்.

கல்ஃபிலிருந்து அவன் பெட்டி மட்டும்தான் வந்தது. ஆள் என்ன ஆனான் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பாழாய்ப்போன ரெக்கார்டை அதன்பின் நான் போட்டதேயில்லை.

போன மாதம் உதியன்குளங்கரையில் பழைய ரெக்கார்டு வாங்குபவரிடம் அதைக் கொடுத்தேன். அவர் போட்டுப் பார்த்தார். ஊசி சிக்கியது.

"தட்டி விடட்டா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

படியிறங்கி ரோட்டைக் கடக்கும்வரை அது பாடிக்கொண்டே இருந்தது. நான் அதை மலையாளமாகவே கேட்டேன்.