ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ்

கலைப்பிரியாவின் ஆராய்ச்சிக்கு இது எட்டாவது வருடம். முப்பதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். பத்தொன்பது நாள் இருந்தது.

கண்டாச்சிபுரத்துப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் குடும்பம். நான்கு வருடம் நர்ஸ் வேலை. ஒரே ஆளாக நாற்பது கட்டிலைப் பார்த்து, சிறுநீரை அடக்கி அடக்கி நோய் வந்து படுத்தாள். பிறகு மேலே படித்து, திண்டிவனம் அருகே ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் ஆசிரியை ஆனாள். நர்ஸ்கள் ஏன் வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்று ஆராய விரும்பினாள். வழிகாட்டி நெடுஞ்செழியன் ‘ஓடுகிறார்கள்’ என்பதை அடித்துவிட்டுப் ‘பணியிடச் சவால்கள்’ என்று எழுதினார். அடுத்த வருடம் அதையும் அடித்துப் ‘பணி நிறைவு’ என்றார். அதற்கடுத்த வருடம் சவால்களுக்கே திரும்பினார். நெறிமுறைக் குழு பதினான்கு மாதம் யோசித்து ஒரு கேள்வி கேட்டது: படிவத்தில் எழுத்து ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது?

விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் நூற்று அறுபது கேள்வித்தாள்கள் கொடுத்திருந்தாள். பத்தே நாளில் அத்தனையும் நிரம்பிவிட்டன. வார்டு பொறுப்பாளர் நூர்நிஷா, கலைப்பிரியாவிடம் படித்தவள், நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

திரும்பும் பேருந்தில் பிரித்தாள். எத்தனை நோயாளிகளைக் கவனிக்கிறீர்கள்? ஆறு. அடுத்த தாளிலும் ஆறு. சாப்பாட்டு இடைவேளை? முப்பது நிமிடம். விடுப்பு? கேட்டால் கிடைக்கும். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் அறுபது தாள் பார்த்துவிட்டாள். எல்லாம் விதிமுறையில் இருப்பது, வார்டில் நடப்பதல்ல. இறங்கி, சாலையைக் கடந்து, விழுப்புரம் பேருந்தில் ஏறி நூர்நிஷாவின் வார்டுக்கே திரும்பினாள்.

“இந்த வார்டுல எத்தினி பேருடி?”

“இன்னைக்கு முப்பத்தெட்டு மேடம்.”

“நர்ஸு?”

“நான் ஒருத்திதான்.”

“அப்புறம் எல்லாரும் ஆறுன்னு எழுதியிருக்கீங்க?”

“பேப்பருன்னா ஆறுதான. இன்ஸ்பெக்‌ஷனுக்கு அப்பிடித்தான எழுதறோம்? பொண்ணுங்களுக்கு டைம் இல்ல. ரெண்டு பேர உக்கார வெச்சி மொத்தமா எழுதச் சொன்னேன். பேனாகூட நாலு தினுசு குடுத்தேன், சந்தேகம் வரக்கூடாதுன்னு.”

“யாருடி சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?”

“நீங்கதான். செகண்ட் இயர்ல. சார்ட்டுல ஒரு கட்டம் காலியா இருந்தா கைய ஒடிப்பேன்னீங்க.”

“அது வேற, இது வேற!”

“எங்களுக்கு என்னா மேடம் தெரியும்? எல்லாம் ஃபாரம்தான்.”

 கல்லூரிக்கு இன்ஸ்பெக்‌ஷன் குழு வருமுன் மூன்று மாதக் காய்ச்சல் பதிவை மாணவிகளை ஒரே மதியத்தில் எழுத வைத்தவள் கலைப்பிரியாதான். ஒரு வருடமல்ல, ஒவ்வொரு வருடமும்.

நெடுஞ்செழியனுக்குப் போன் செய்தாள்.

“சார், தகவல் முழுக்கப் பொய்.”

“கையெழுத்து இருக்கில்ல? சவாலே இல்லன்னு வந்தா அதுவும் ஒரு முடிவுதான். டேபிளப் போட்டு ஜல்தி முடிங்க மேடம். பேஜாரு பண்ணாதீங்க.”

வாயால் கேட்டுப் பார்க்கலாம் என்று நூர்நிஷாவைப் பத்து நிமிடம் உட்காரச் சொன்னாள். நூர்நிஷா வயது சொன்னாள். படிப்பு சொன்னாள். மூன்றாவது கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் ஒன்பதாம் கட்டிலில் குளுக்கோஸ் நின்றது. பிறகு ஐந்தாம் கட்டில். பிறகு டாக்டர். மின்விசிறி ஓடவில்லை என்று யாருடைய மருமகனோ வந்து கத்தினான். கலைப்பிரியா தாளின் பின்பக்கத்தில் நேரம் குறித்தாள். 2.10. 2.13. 2.14. ஐந்து மணிக்குப் பக்கம் நிரம்பியது. நூர்நிஷா திரும்ப உட்காரவே இல்லை.

எட்டு வருடத்தில் கிடைத்த ஒரே உண்மையான பக்கம். நூற்று அறுபது பேரை இப்படிப் பார்க்க இரண்டு வருடமாவது ஆகும்.

மறுபடி போன் செய்தாள்.

“முப்பதாம் தேதி குடுக்கல சார்.”

“பதிவு போயிடும். திரும்ப நுழைவுத் தேர்வுலேந்து வரணும்.”

“தெரியும் சார்.”

“எட்டு வருஷம், மேடம்!”

“அதுவும் தெரியும் சார்.” வைத்துவிட்டாள்.

நூர்நிஷா ஊசியும் கையுமாகக் கடந்து போனாள். “சும்மாதான உக்காந்துக்கினு இருக்கீங்க மேடம்? அந்தப் பதினோராம் கட்டிலுக்கு பீப்பி பாத்துடுங்களேன்.”

கலைப்பிரியா எழுந்து போனாள். கட்டிலில் இருந்த அம்மாள் முறைத்தாள்.

“ரெண்டு மணி நேரமா கூப்புட்டுக்கினு இருக்கேன். அங்க குந்திக்கினு என்னாத்த எழுதிக்கினு இருந்த?”

கலைப்பிரியா அம்மாளின் கையை நீட்டச் சொல்லி, ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினாள்.