எட்டு புள்ளி நாலு

லிஃப்ட் மெக்கானிக் வோல்ட்டு வேலை செய்யும்போது வாயை மூடியதாக வரலாறே இல்லை. "மெயின் ஸ்விட்ச்சைத் தொடறேன். ஆஃப் பண்ணிட்டேன். மூடியைக் கழட்டறேன். கழட்டியாச்சு." ஆறு மாடிக்கு மேலே, மோட்டார் அறையில், கேட்க ஒரு புறா கூட இல்லாவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவளோடு போகும் பெரிய மெக்கானிக் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதாகவும், ஒருநாள் அந்தப் பஞ்சே தாங்க மாட்டாமல் எழுந்து ஓடிவிட்டதாகவும் கம்பெனியில் ஒரு கதை உண்டு. பஞ்சு வைத்தது வரைக்கும் உண்மை.

"நீ ஸ்க்ரூகிட்டகூட அனுமதி கேப்ப போல" என்பார் அவர்.

"சொல்லாம தொட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ணே."

என்ன ஆகும் என்று அவர் கேட்டதில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பத்தாம் வகுப்பு. உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் பள்ளி அறையில் அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்து ஒரு போட்டிக்காக ரோபோ செய்தார்கள். சாப்பாட்டு டப்பா அளவு உடம்பு, நான்கு சக்கரம், முன்னால் ஒரு கொடுக்கு. ஆமை என்று பெயர் வைத்தார்கள். பெயர் பிடிக்காமல் அது ஒரு மாசம் முழுக்க நகர மறுத்தது. நகர வைத்தவள் நெட்டை. ஆமைக்குப் புரோகிராம் எழுதியவள் அவள்தான். நடுவர்களிடம் விளக்கிச் சொல்ல ஒருத்தி இருந்தாள், அவள் வாயாடி. வோல்ட்டுக்கு பேட்டரி. தினமும் மீட்டரை வைத்து அளந்து, எத்தனை வோல்ட் என்று சொல்வாள். அதனால்தான் அந்தப் பெயர்.

அறைக் கதவில் சயின்ஸ் மிஸ் சாக்பீஸால் ஒரே ஒரு சட்டம் எழுதியிருந்தார்: தொட்டால் சொல். யாரோ ஒருத்தி ஒரு ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுச் சும்மா இருந்ததில் இரண்டு வாரம் பாழானதற்குப் பிறகு வந்த சட்டம் அது.

ஆமைக்குக் கண் கிடையாது, எவ்வளவு தூரம் வந்தோம் என்ற நினைப்பும் கிடையாது. எல்லாம் நேரக் கணக்கு. இடப்பக்கம் திரும்ப அறுநூற்றிருபது மில்லி செகண்ட் மோட்டார் ஓட வேண்டும். நெட்டை இரண்டு மாசம் தரையில் குப்புறப்படுத்து, நூற்றுக்கணக்கான முறை ஓடவிட்டுப் பிடித்த எண். இருந்தது ஒரே ஒரு கிழட்டு பேட்டரி. எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏழு புள்ளி ஒன்றுக்கு மேல் ஏறாது.

நெட்டைக்கு அது விளையாட்டு இல்லை. வட்டாரப் போட்டியில் முதல் இரண்டு இடத்துக்குள் வரும் அணியைத் தொழில்நுட்ப விடுதிப் பள்ளி சேர்த்துக்கொள்ளும். மர மில்லில் வேலை பார்த்த அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: "ரெண்டுக்குள்ள வந்தா போ. வரலேன்னா அத்தையோட தையல் கம்பெனிக்குப் போ. நடுவுல பேச்சு இல்ல." வோல்ட்டுக்கும் வாயாடிக்கும் தோற்றால் ஓர் அழுகை, அவ்வளவுதான்.

போட்டி நாளன்று காலை, முதல் சுற்றில் ஆமை கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் வைத்த அழகைப் பார்த்து, பக்கத்து மேசைப் பையன்கள் தங்கள் ரோபோவைத் துணி போட்டு மூடினார்கள். இருபத்தியொரு அணியில் இரண்டாம் இடம். இன்னும் ஒரே ஒரு சுற்று.

மிஸ் அன்றைக்கென்று ஒரு புது பேட்டரி வாங்கி வந்திருந்தார், ஆபத்துக்கு உதவும் என்று. வரிசையில் நிற்கும்போது வோல்ட்டு பழையதை அளந்தாள். ஏழு. பாதி வழியில் படுத்துவிட்டால்? நெட்டையின் ஹாஸ்டல் என்ன ஆவது? நெட்டை கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கலைக்க வோல்ட்டுக்கு மனசு வரவில்லை. சத்தமில்லாமல் புதியதை மாட்டினாள். மீட்டர் எட்டு புள்ளி நாலு காட்டியது. அந்த எண்ணைப் பார்த்து அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

விசில் அடித்ததும் ஆமை முயலாகப் பாய்ந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் கால்வட்டம் தாண்டியும் திரும்பிக்கொண்டே போனது. கட்டையை விட்டுவிட்டுக் காற்றைக் கவ்வி, மேசை விளிம்புக்குப் போய், நடுவர் காலடியில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. ஒரு சக்கரம் மட்டும் ஹாலின் கோடி வரைக்கும் தனியாக உருண்டு போனது.

பதினோராம் இடம்.

திரும்பும் வேனில் நெட்டை புரோகிராமை வரிவரியாக விரலால் தொட்டுப் படித்துக்கொண்டு வந்தாள். வோல்ட்டின் மடியில் மீட்டர். ஏழு புள்ளி ஒன்று, எட்டு புள்ளி நாலு. இரண்டு எண்களும் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் அவளுக்கு விளங்கியது: வோல்ட் கூடினால் மோட்டார் வேகம் கூடும், அதே அறுநூற்றிருபதில் ஆமை அதிகமாகத் திரும்பும்.

"என் கணக்குதான்டி தப்பு" என்றாள் நெட்டை. "எங்கேன்னுதான் தெரியல."

"விடுடி" என்றாள் வாயாடி. "தப்பு தானா வந்து கையைத் தூக்குமா?"

வோல்ட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம். திங்கட்கிழமை நெட்டையின் பெஞ்ச் காலி.

அதற்குப் பிறகு வோல்ட்டு பாலிடெக்னிக் முடித்தாள், லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தாள், தொட்டதையெல்லாம் சொன்னாள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. போன மாசம் ஒரு தையல் ஃபேக்டரியில் சரக்கு லிஃப்ட் நின்றுபோனது என்று அவளையும் பெரிய மெக்கானிக்கையும் அனுப்பினார்கள். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்தால், எதிரே துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் கூன் விழுந்த நெட்டை.

"ஏய் வோல்ட்டு. நீதானா ரிப்பேருக்கு? அப்ப இன்னைக்கு மாடிப்படிதான்."

சிரித்தார்கள். கல்யாணம், குழந்தை, முதுகுவலி என்று பேச்சு போனது. டீ இடைவேளைக்குப் பத்து நிமிஷம் இருந்தது. வோல்ட்டு சொல்லிவிட்டாள். புது பேட்டரி, வரிசை, மூடியிருந்த கண், எல்லாம்.

நெட்டை துணிக்கட்டைக் கீழே வைத்தாள்.

"திட்டுடி" என்றாள் வோல்ட்டு.

"எதுக்கு? எனக்கு வராத வேலை, அதான் போச்சுன்னு நெனச்சேன். அப்படி நெனச்சுதான் இந்த மிஷின்ல உக்கார முடிஞ்சுது." அவள் குரல் உயரவில்லை. "இப்ப வந்து எனக்கு வரும்னு சொல்ற. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

நெட்டை குனிந்து துணிக்கட்டின் முடிச்சை இறுக்கினாள்.

"புதுசு எவ்வளவு காட்டிச்சு?"

"எட்டு புள்ளி நாலு."

நெட்டை ஒரு கணம் கண்ணை மூடினாள். வரிசையில் நின்றபோது மூடியது போலவே.

"அப்ப அறுநூத்தி இருபது இல்ல, ஐந்நூத்தி இருபத்திநாலு போட்டிருக்கணும்."

மணி அடித்தது. அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு மிஷின் வரிசைக்குள் போய்விட்டாள். வோல்ட்டு லிஃப்ட்டுக்குள் நின்று போனில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக ஐந்நூற்றிருபத்து நாலு. பிறகு கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தாள். அன்றைக்கு மட்டும் எதையும் சொல்லாமல் தொட்டாள். பெரிய மெக்கானிக் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, என்ன ஆச்சு என்று முதல்முறையாகக் கேட்டார்.