சௌந்தரியின் கம்ப்யூட்டரை நான் சுத்தம் செய்த நாள்

1. பச்சை டிக்

"அண்ணே, இன்னா பண்ணிட்டுப் போனீங்க? என் தமிழ் எல்லாம் எங்க போச்சு?"

உத்திரமேரூர் தாலுகா ஆபீஸ் பக்கம் மனு டைப் அடித்துத் தரும் சௌந்தரி போனில் இப்படிக் கேட்டபோது மணி பதினொன்று. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அவள் கடைக்குப் போய் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து, "இனிமே குதிரை மாதிரி ஓடும்" என்று பெருமை அடித்துவிட்டு வந்திருந்தேன்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த ஆன்டிவைரஸ் நல்லது, எந்த கிளீனர் நல்லது என்று கேட்பார்கள். அது எதையெல்லாம் அழிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் அன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று நடந்தது இதுதான். மெஷின் ஸ்லோ என்றாள் சௌந்தரி. ஆன்டிவைரஸும் கிளீனரும் சேர்ந்து வரும் ஒரு சாப்ட்வேரைப் போட்டு ஸ்கேன் விட்டேன். சிவப்பாக ஒரு நீளப் பட்டியல் வந்தது. அதை யார் உட்கார்ந்து படிப்பது? "பிக்ஸ் ஆல்" அமுக்கினேன். டிஸ்கில் இடம் போதவில்லை என்று, பிடித்ததை அடைத்து வைக்கும் குவாரன்டைனையும் காலி செய்தேன். மெஷினை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் பழைய ரீஸ்டோர் பாயிண்டுகளை அதுவே துடைத்துவிட்டது. கடைசியில் பெரிதாக ஒரு பச்சை டிக் வந்தது. அந்தப் பச்சை டிக்கைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பூரிப்பு வரும். எனக்கும் வந்தது.

அது அழித்த சாமான்களில் சௌந்தரியின் தமிழ் ஃபான்ட்டும் ஒன்று. பத்து வருஷத்துக்கு முன் யாரோ பென் டிரைவில் கொடுத்த பழைய டிடிபி பேக்கேஜோடு வந்தது. அந்த பேக்கேஜே "சந்தேகத்துக்குரியது" என்று கிளீனர் முடிவு செய்து, ஃபான்ட் உட்பட வாரிக்கொண்டு போய்விட்டது.

2. இன்று மட்டும்

கடைக்குப் போனேன். ஸ்கிரீனில் மனு திறந்திருந்தது. தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் கமாவும் செமிகோலனுமாக நின்றது. ரேஷன் கார்டு நம்பர்கள் மட்டும் அப்படியே இருந்தன.

பெஞ்சில் செல்லம்மா உட்கார்ந்திருந்தார். சாலவாக்கம் பக்கத்துக் காலனிக்காரர், கூலி வேலை செய்கிறவர். காலனியில் முப்பத்தொரு குடும்பம் சேர்ந்து வீட்டுமனைப் பட்டா கேட்டு எழுதிய மனு அது. இரண்டு நாளுக்கு முன் எல்லோரும் வந்து விவரம் சொல்ல, சௌந்தரி அடித்துக்கொண்டாள். வரிசைப்படி கையெழுத்தும் கைநாட்டும் தனித்தாளில் வாங்கியாகிவிட்டது. இன்று எல்லோரும் களையெடுக்கப் போய்விட்டார்கள். பிரின்ட் வாங்கி தாலுகா ஆபீஸில் கொடுப்பதற்காக செல்லம்மா மட்டும் டவுன் பஸ்ஸில் வந்திருந்தார்.

"ஜமாபந்தி நம்ம பிர்க்காவுக்கு இன்னிக்கு மட்டும்தான் நைனா. மூணு மணிக்குள்ள குடுக்கணும்" என்றார். "போன வாட்டி வேற எங்கியோ எயுதினோம். கன்னியப்பன் பொண்டாட்டின்னு போட்டாங்க. என் பேரே இல்ல. அவரு செத்து ஆறு வருசமாவுது. மனு திரும்பி வந்துடுச்சு."

ஜமாபந்தி என்பது வருஷத்துக்கு ஒருமுறை தாலுகா ஆபீஸில் அதிகாரிகள் நேரில் மனு வாங்குவது; சில கிராமங்கள் சேர்ந்த ஒரு பிர்க்காவுக்கு ஒரு நாள், தவறினால் அடுத்த வருஷம்தான். போனில் தேடி இரண்டு ஃபான்ட் இறக்கிப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் பாதி எழுத்து மாறி வந்தது. இன்னொன்றில் எல்லாமே மாறி வந்தது. அழித்த ஃபைலை மீட்கும் சாப்ட்வேரையும் ஓட்டினேன். கிளீனர் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. மணி பன்னிரண்டரை.

"போயிடுச்சுமா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

செல்லம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஸ்கிரீனைக் கை நீட்டிக் காட்டினார். "எங்க போவும்? தோ, இன்னாமோ எயுதிக்கினு கீதே. அது எங்க பேருங்க இல்லியா?"

3. விரல் படித்தது

சௌந்தரி சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்கிரீனைப் பார்த்தபடியே வெறும் மேஜைமேல் விரல்களை வைத்தாள். விரல்கள் டைப் அடிப்பது போல அசைந்தன. வாய் மெதுவாகச் சொன்னது.

"மு... னு... சா... மி. அண்ணே, முனுசாமி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பழைய ஃபான்ட்டில் கம்ப்யூட்டர் சேமிப்பது அவள் தட்டிய ஆங்கில கீயைத்தான். தமிழ் உருவம் கொடுப்பது மட்டுமே ஃபான்ட்டின் வேலை. ஃபான்ட் போனதும், எந்தெந்த கீயைத் தட்டினாளோ அது அப்படியே ஸ்கிரீனில் நிற்கிறது. சௌந்தரி இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். கண்ணுக்குப் புரியாதது அவள் விரலுக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எனக்கு அது தோன்றவே இல்லை.

"வேற ஃபான்ட்ல எனக்கு அடிக்க வராது. நான் படிக்கிறேன். நீங்க கையால எயுதுங்க" என்றாள்.

"நானா?"

"பின்ன யாரு? வாயி சும்மாதான கீது, கையும் சும்மாதான கீது."

வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். பில் புத்தகத்தில் "ஹார்டு டிஸ்க் மாற்றியது" என்பதைத் தவிர நான் தமிழ் எழுதிப் பல வருஷம் ஆகியிருந்தது. வரி மலை ஏறிக்கொண்டே போனது. சௌந்தரி கோடு போட்டுக் கொடுத்தாள், அதற்கும் மேலே ஏறியது. பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், கார்டு நம்பர், எத்தனை வருஷமாகக் குடியிருப்பு என்று ஒவ்வொன்றாக எழுதினேன். ஒரு பெயர் தவறினாலும் கையெழுத்துத் தாளின் வரிசை கெட்டுவிடும். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி செல்லம்மாவிடம் கேட்டுக்கொண்டோம்.

பதினேழாவதில் சௌந்தரியின் விரல் நின்றது. "செல்லம்மா. சின்னம்மா, இது உங்க பேரு."

"எயுதிட்டியா நைனா? காட்டு."

அவருக்குத் தன் பெயர் எழுத மட்டும் தெரியும். கையெழுத்துத் தாளை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். "ஒண்ணாத்தான் கீது" என்றார். பரீட்சையில்கூட எனக்கு அப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை.

இரண்டேகாலுக்கு முடிந்தது. செல்லம்மாவைப் பக்கத்தில் இருந்த ஆபீஸுக்கு அழைத்துப்போய், மனு கொடுத்து, ரசீது வாங்கும்வரை கூடவே நின்றேன்.

4. இப்போது

ஃபான்ட் மறுநாள் கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பிரஸ் வைத்திருக்கும் வேலு என்னைத் தன் கம்ப்யூட்டர்மேல் கை வைக்க விட்டதே இல்லை. "நல்லா ஓடுறத ஏன் நோண்டுற?" என்பான். அவனைப் பட்டிக்காட்டான் என்று கிண்டல் செய்திருக்கிறேன். அவன் கம்ப்யூட்டரில் சேர்ந்து கிடந்த பழைய குப்பைக்குள்தான் சௌந்தரியின் ஃபான்ட் பத்திரமாக இருந்தது. பென் டிரைவில் கொண்டுவந்து செருகியதும் ஆன்டிவைரஸ் மறுபடி அதைப் பிடிக்கப் பாய்ந்தது. இம்முறை தொடக்கூடாதவற்றைச் சொல்லும் "எக்ஸ்க்ளூஷன்" பட்டியலில் ஃபான்ட்டைச் சேர்த்துவிட்டு, மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்தேன்.

ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைரஸால் அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எது குப்பை என்பது அந்த சாப்ட்வேருக்குத் தெரியாது. மெஷினில் வேலை செய்கிறவருக்குத்தான் தெரியும். இப்போது எந்தக் கடைக்குப் போனாலும் முதலில், "இதுல எதை வெச்சுச் சோறு சாப்பிடுறீங்க, காட்டுங்க" என்று கேட்கிறேன். காட்டியதை காப்பி எடுத்த பிறகே ஸ்கேன். சிவப்புப் பட்டியலை வரி வரியாகப் படிக்கிறேன்.

பல மாதம் கழித்து நான் சௌந்தரி கடையில் இருந்தபோது செல்லம்மா ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பிளாஸ்டிக் கவரிலிருந்து பட்டாவை எடுத்து மேஜையில் விரித்து, தன் பெயர்மேல் விரலை வைத்தார்.

"இதுவும் நீ எயுதினதா நைனா?"

"இல்லமா, அது ஆபீஸ்ல பிரின்ட் போட்டது."

"அதான பார்த்தேன்" என்றார் செல்லம்மா. "நீ எயுதினா இவ்ளோ நேரா இருக்காதே."