அக்கா கத்தினால் குதித்துவிட வேண்டும்

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது இது. வடக்கே ஒரு பெரிய நகரத்தில் இருக்கும் அக்கா மகளுக்கு இரண்டாவது பிரசவம். பார்த்துக்கொள்ள அக்கா போயாக வேண்டும். காரிமங்கலத்தை விட்டால் தருமபுரி, மிஞ்சிப்போனால் பெங்களூரு என்று வாழ்ந்தவள். துணைக்கு நான். இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம்.

பெங்களூருவில் ஏறும்போதே அக்காவின் முகம் வெளிறிவிட்டது. நானோ அடிக்கடி பறப்பவன் போல, "ஒண்ணும் ஆவாதுக்கா" என்று பந்தா காட்டிக்கொண்டிருந்தேன். இறங்கும் நேரம். ஜன்னலில் மரங்கள், வீடுகள், கடைசியில் ஓடுபாதை ஓரத்துப் புல்கூடத் தெரிந்தது. சக்கரம் தரையைத் தொடப் போகிறது என்று நினைத்த நொடியில் இன்ஜின் உறுமியது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறியது. என் பந்தா எல்லாம் போன இடம் தெரியவில்லை. அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து பைலட் மைக்கில் விளக்கினார். ஓடுபாதையில் இன்னொரு விமானம் விலகாமல் நின்றதாம். கீழேயிருந்து எச்சரிக்கை வந்ததும் மேலே ஏற்றிவிட்டாராம். ஒரு சுற்று சுற்றிப் பத்திரமாக இறக்கினார். வெளியே வந்ததும் அக்கா, "ஊருக்கு ரயில்லதான்டா திரும்பணும். இதுல ஏறச் சொன்னா நான் இங்கியே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னாள் என்றால், காதை அவள் வாயருகே கொண்டுபோய்க் கேட்க வேண்டும். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் குரல் வெறும் காற்றாகத்தான் வருகிறது. ஒரு காலத்தில் அது எப்படிப்பட்ட குரல் தெரியுமா?

எங்கள் பக்கம் கொள்ளு பிடுங்கினால் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப் போக மணி உதிர்ந்துவிடும். ஒரு வண்டி போனதும் எல்லோரும் ரோட்டில் இறங்கிக் குனிந்து செடியைப் புரட்டிப் போடுவோம். காய்ந்த செடியின் சலசலப்பில் அடுத்த வண்டி வருவது காதில் விழாது. அதனால் வளைவில் ஒருவர் காவல் நிற்க வேண்டும். அவர் வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. பார்க்க வேண்டும், கத்த வேண்டும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது அக்கா. "பஸ்ஸே!" "லாரியே!" என்று அவள் குரல் கொடுத்தால் பக்கத்துக் காட்டில் மேயும் மாடுகூட நிமிர்ந்து பார்க்கும். நாங்கள் முதுகு ஒடிய வேலை செய்ய, மகாராணி புளியமரத்து நிழலில் நிற்கிறாளே என்று எனக்குப் பொறாமை வேறு.

ஒருநாள் பஸ் போனதும் வழக்கம்போல ரோட்டில் பாய்ந்தேன். பஸ் கிளப்பிய தூசியில், பின்னாலேயே வந்த லாரி தெரியவில்லை. "லாரியே! குதிடா!" அக்காவின் குரல் மட்டும் கேட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து கிடந்தபடிதான், நான் நின்ற இடத்தை லாரி மிதித்துப் போவதைப் பார்த்தேன். நின்று திரும்பிப் பார்த்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பேத்தி பிறந்து வீடு கலகலப்பான ஒரு மதியம், அக்கா தன் விமானக் கதையை மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வேலையை 'ஏதோ கம்ப்யூட்டர்' என்றுதான் ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தோம். அன்றைக்குத்தான் விவரம் தெரிந்தது. இறங்கப் போகிற பாதையில் வேறு விமானம் நின்றால், பைலட் அறையிலேயே ஒரு குரல் எச்சரிக்குமாம். அந்தக் கருவியைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. இன்னும் எல்லா விமானத்திலும் வரவில்லையாம். லேப்டாப்பில் அந்தக் குரலைப் போட்டுக் காட்டினார். இங்கிலீஷ்தான். அக்கா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

"அது கத்துனா, பைலட்டு என்னா ஏதுன்னு பாத்துக்கினு இருப்பாருங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க அத்தை. மொதல்ல மேல தூக்கிடணும். என்னான்னு அப்பறந்தான் பாக்கணும்."

அக்கா என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "இவனாட்டம்" என்றாள்.

மாப்பிள்ளை புரியாமல் விழித்தார். நான் கொள்ளு ரோட்டுக் கதையைச் சொன்னேன். ரயில் டிக்கெட் பேச்சை அதன் பிறகு அக்கா எடுக்கவே இல்லை.

திரும்பும்போது ஜன்னலோர இருக்கையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பெங்களூருவில் விமானம் தாழ ஆரம்பித்ததும் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு கீழேயே பார்த்தாள். என்னக்கா என்று கேட்டேன். கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். "இந்த பிளேன்ல அது இருக்குதோ இல்லியோ" என்று அவள் முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது. சக்கரம் தரையில் உருண்ட பிறகுதான் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இனி அவள் குரல் வளைவைத் தாண்டி எட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ரோட்டில் இறங்கும்போதெல்லாம் என் காது இன்னமும் அக்காவைத்தான் எதிர்பார்க்கிறது.