இருவர் கட்டிய முக்கோண விமானம்

கல்யாணமாகி இரண்டாவது வருஷம் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு விமானம் வளரத் தொடங்கியது. உப்பளம் பகுதியில், மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. நாங்கள் பாய் விரித்துச் சாப்பிடும் இடத்தை ஞாயிறு முழுக்க அது எடுத்துக்கொண்டது. நாங்கள் சமையலறை வாசலில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

என் கணவர் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் யு.பி.எஸ். பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். அவருக்குப் பக்கத்து மேசையில் ஒரு பெண், என்னைவிடச் சற்று இளையவள். அவளுடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்து திரும்பும்போது சிறிய விமானங்களைப் பறக்கவிடும் ரிமோட், மோட்டார், பேட்டரி எல்லாம் கொண்டுவந்திருந்தார். பார்வை மங்கியதும் மகளிடம் கொடுத்துவிட்டார். “எல்லாம் இருக்கு சார், விமானம்தான் இல்ல” என்று அவள் சொல்லப்போக, “அதச் செஞ்சிட்டா போச்சு” என்று இவர் சொல்லியிருக்கிறார்.

கடை வாசலில் விளம்பரம் ஒட்டித் தொங்கவிடுவார்களே, அந்தப் பிளாஸ்டிக் அட்டையில் செய்தார்கள். இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே வரிவரியாகக் குழாய் ஓடும் அட்டை. அதைப் பெரிய முக்கோணமாக வெட்டினார்கள். தனியாக வால் கிடையாது, முழுக்க இறக்கைதான். பின்விளிம்பில் மேல் தகட்டை மட்டும் பிளேடால் கீறி, கீழ்த் தகட்டை விட்டுவிட்டால் அதுவே கீலாகிவிடும். அப்படி இரண்டு மடல்கள். இரண்டும் சேர்ந்து எழுந்தால் விமானம் மேலே போகும், ஒன்று எழுந்து ஒன்று தாழ்ந்தால் திரும்பும்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காபி கொடுக்கப் போகும்போது காதில் விழுந்தது. காபியை ஏன் அத்தனை தடவை போட்டேன் என்று யாரும் கேட்கவில்லை.

“தூஸ்மா சார், தூஸ்மா” என்பாள் அவர் பிளேடை அழுத்தும்போது. மெதுவாக என்று அர்த்தமாம். அவரும் மெதுவாகச் செய்வார். பல்பு மாற்றச் சொன்னால் ஸ்டூல் ஆட ஆட ஏறி இறங்குகிற மனுஷர், அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு பிசகாமல் கீறினார். அந்தப் பொறுமை அவரிடம் இருந்தது என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஒருநாள் சாம்பாரைத் தட்டில் ஊற்றிக்கொண்டு, ‘இதோ ஆச்சு’ என்பதற்கு அவள் சொல்வதுபோலவே “வுவாலா” என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வருவாள், வரும்போது எனக்கு ரொட்டி வாங்கிவருவாள். “அக்கா, நீங்களும் வந்து உக்காருங்களேன்” என்பாள். “எனக்கு வேல இருக்கும்மா” என்பேன். வேலை இருக்காது. கதவுக்கு அந்தப் பக்கம் கறிவேப்பிலையை உருவிக்கொண்டு, அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. பசை விரலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குத்தான் சிரித்திருப்பார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதல் தடவை பறக்கவிட, பழைய துறைமுகம் பக்கம் இருந்த காலி மணலுக்குப் போனோம். கடல்காற்று ஏறுவதற்கு முன்னால் காலையிலேயே போய்விட்டோம். ரிமோட் அவள் கையில். ஏரியலை நீளமாக இழுத்துவிட்டிருந்தாள். இவர் விமானத்தைத் தூக்கி எறிந்தார். மூக்கை நிமிர்த்தி, தயங்கி, பின்பக்கமாகச் சரிந்து மணலில் குத்தியது. பேட்டரியை முன்னால் தள்ளி ஒட்டினார்கள். மறுபடி எறிந்தார். மறுபடி விழுந்தது. முனை மடங்கியதே தவிர உடையவில்லை. கையால் நிமிர்த்தி டேப் சுற்றினால் சரியாகிவிட்டது.

“இன்னும் வேகமா எறியணும் சார்.”

“இதுக்கு மேல என் கை வராது.”

“இங்க குடுங்க” என்றேன்.

கல்லூரியில் நான் ஈட்டி எறிந்தவள். பெண் பார்க்க வந்தபோது சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், இதை யாரும் கேட்கவில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி எறிந்தேன். விமானம் என் கையைவிட்டு நேராகப் போனது. மோட்டார் சத்தம் கூடியது. மணலைத் தாண்டி, படகுகளைத் தாண்டி மேலே ஏறியது.

“அக்கா, எங்கக்கா கத்துக்கிட்டீங்க?” என்றாள் வானத்தைப் பார்த்தபடியே.

“எனக்கே தெரியாது” என்றார் அவர், அவரும் வானத்தைப் பார்த்தபடியே.

பிறகு ரிமோட்டை அவரிடம் கொடுத்தாள். விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்தபோது பதறி, அவர் விரல்மேல் தன் விரலை வைத்துக் குச்சியைத் திருப்பினாள். விமானம் நிமிர்ந்துவிட்டது. நான் அதைப் பார்க்கவில்லை. விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு எறிவது என் வேலையானது. எறிந்தபின் என் கைக்கு வேலையில்லை. அவர்கள் இரண்டு பேரும் தலையை அண்ணாந்திருப்பார்கள், நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மழைக்காலத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு பிரான்சில் வேலை. புறப்படும் வாரம் வீட்டுக்கு வந்து ரிமோட்டை என் கையில் வைத்தாள்.

“அவருகிட்ட குடு” என்றேன்.

“இல்லக்கா, உங்களுக்குத்தான். எறியத் தெரிஞ்சவங்களுக்கு ஓட்டவும் வரும்.”

அவள் போனது எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இவர் விமானத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டுத் தொடாமல் இருந்தார். ஞாயிறுகளில் கூடம் காலியாகக் கிடந்தது. பாய் விரித்துச் சாப்பிட்டோம். அவர் பேசவில்லை. அந்த மௌனத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. நான் ஊருக்குப் போனால் இப்படி இருப்பாரா என்று தோன்றியது. கடைசியில் கேட்டுவிட்டேன்.

“அவ இல்லாம கஷ்டமா இருக்கா?”

தட்டிலிருந்து நிமிர்ந்தார். பொய் சொல்லியிருக்கலாம். “ஆமா. இதப் பத்திப் பேச ஒரு ஆள் இருந்துச்சு.”

“எங்கிட்ட பேசறது?”

“நீ எப்பவும் வேல இருக்குன்னுட்டியே.”

அடுத்த ஞாயிறு நானே ஆணியிலிருந்து விமானத்தை எடுத்தேன். மணலில் அவர் எறிந்தார். நான் எறிந்ததைப் பார்த்துப் பார்த்து அவர் கை கொஞ்சம் தேறியிருந்தது. நான் ஓட்டினேன். எதிரே திரும்பி வரும்போது இடது வலதாகிவிடும் என்பது மறந்துபோய் முதலில் புதருக்குள் விட்டேன். பிறகு ஒரு பெரிய வட்டம் அடித்து, மோட்டாரைக் குறைத்து, எங்கள் காலடியில் இறக்கினேன். அவர் போய் எடுத்துவந்தார். “சரி, வெயில் ஏறுது, போவலாம்” என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் பிரான்சிலிருந்து போன் வந்தது. நான் அடுப்பங்கரையில் இருந்தேன். “என்னமா இறக்கினா தெரியுமா, கொஞ்சங்கூடத் தடுமாறல. பூனை குதிக்கிற மாதிரி வந்து உக்காந்துச்சு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு” என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பால் பொங்கி வழிய, அடுப்பை அணைத்துவிட்டு, அவர் இன்னும் என்ன சொல்லப்போகிறார் என்று நின்று கேட்டேன்.