நிழல் விழாத வரவேற்பறை

பனியன் கம்பெனிகள் நிறைந்த ஊரில், அவிநாசி சாலையில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். இன்னும் கட்டி முடியாத வீட்டின் உட்புறம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து காட்டுவது என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான், பிறகு பாலிடெக்னிக்கும். அந்தப் பெருமையோடுதான் நாற்காலியில் உட்காருவேன்.

ஒரு எக்ஸ்போர்ட்காரர் வீட்டு வரவேற்பறை மட்டும் கைகூடவில்லை. சுவரும் தரையும் ஒரே வெள்ளையாக வெளிறிக் கிடந்தன. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"என்ன அம்மணி, சோபா அந்தரத்துல நிக்குது? காத்தடிச்சா பறந்துருமாட்ட இருக்குதே!"

"சரி பண்ணிடறேனுங்க சார்."

"சாயங்காலம் அவங்க வர்றாங்க. இதுவும் புடிக்கலீன்னா படம் பண்றத கோயமுத்தூருக்கே குடுத்தர்லாங்க. நீங்க பழையபடி எஸ்டிமேட் டைப் பண்ணுங்க."

படத்தில் கறுப்பைக் கூட்டிப் பார்த்தேன். சோபா கறுத்ததே தவிர தரையில் உட்காரவில்லை. இன்னும் இரண்டு விளக்கு சேர்த்தேன். அது இன்னும் மோசம்.

மத்தியானம் அம்மா வந்தாள். பனியன் கம்பெனியில் அவளுக்கு செக்கிங் வேலை. தைத்த துணியில் கறையோ ஓட்டையோ இருக்கிறதா என்று பார்ப்பாள். அன்று தைத்த பீஸ் வரவில்லை என்று சீக்கிரமே விட்டுவிட்டார்களாம். நான் வீட்டில் மறந்து வைத்த டிபன் டப்பாவோடு மாடி ஏறி, முதல் தடவையாக என் திரையைப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு, இதெல்லாம் நீ பண்ணுனதா?"

"ஆமாம்மா."

"எங்க செக்கிங் டேபிளாட்ட பளிச்சுனு இருக்குது சாமி! ஒரு பொட்டுக் கறை ஒளிய முடியுமா இதுல!"

அவள் குரலில் அத்தனை சந்தோஷம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் பள்ளி விட்டதும் அந்த மேசையின் ஓரத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன். தலைக்கு மேலே டியூப் லைட்டுகள் வரிசையாகத் தொங்கும். நோட்டில் என் கையின் நிழல்கூட விழாது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு குண்டு பல்பு. நல்ல வெளிச்சம் என்றால் எனக்கு அந்த மேசைதான். மூலைக்கொரு விளக்கு வைத்து, எதற்கும் நிழல் விழாமல் செய்து, ஒரு வீட்டையே செக்கிங் மேசையாக்கி வைத்திருந்தேன்.

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, படத்தில் இருந்த எல்லா விளக்குகளையும் அழித்தேன்.

"ஐயோ, கரண்டு போயிருச்சா?"

"இல்லம்மா, இரு."

ஜன்னல் வழியே வெயிலை மட்டும் விட்டேன், அதன் நிழலோடு. சுவரின் வெள்ளையைக் கொஞ்சம் சந்தன நிறத்துக்கு இறக்கினேன். சோபா அருகே மஞ்சளாக ஒரே விளக்கு. புதுப் படம் திரையில் மேலிருந்து வரி வரியாக இறங்கி வந்தது. ஒரே டப்பாவில் தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம். காலடியில் நிழல் விழுந்ததும் சோபா தரையில் உட்கார்ந்துவிட்டது.

"இதுல கறை தெரியாதே கண்ணு" என்றாள் அம்மா, கவலையாக.

"தெரிய வேண்டாம்மா. இங்க குடியிருக்கப் போறாங்க."

சாயங்காலம் எக்ஸ்போர்ட்காரரும் மனைவியும் வந்தார்கள். "கொஞ்சம் டல்லடிக்குதுங்களே" என்று அவர் இழுத்தார். முதலாளி என்னைப் பார்த்தார். அந்த அக்கா திரைக்குக் கிட்டே வந்து, வெயில் முடிகிற இடத்தில் விரல் வைத்தார்.

"ஏனுங்க, மத்தியானம் வேலையெல்லாம் முடிச்சுட்டு நான் இங்கதானுங்க உக்காருவேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இங்க ஒரு சேர் போட்டுக் காட்டுவியா கண்ணு?"

எக்ஸ்போர்ட்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "அப்ப மாடி ரூமையும் இந்தப் புள்ளையே பண்ணட்டுங்க" என்றார் முதலாளியிடம்.

நான் மவுஸை எடுத்தேன்.

"சேரை எப்படிங்கக்கா போடட்டும்? ஜன்னலப் பாத்துங்களா, ஊட்டுக்குள்ள பாத்துங்களா?"