யமுனா வீட்டு ஃபிரிட்ஜ் கதவு

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜாக்கெட் தைக்கும் ராதிகாவைத் தெரியாதவர்கள் கொல்லிமலையில் குறைவு. சொன்ன நாளில் தைத்துக் கொடுத்துவிடுவாள், அளவு தப்பாது. வாய்தான் கொஞ்சம் நீளம். அப்பேர்ப்பட்ட ராதிகாவுக்கு மூன்று வருஷமாக ஒரே ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. அவளுடைய ஓரகத்தி யமுனா வீட்டு ஃபிரிட்ஜ் கதவு.

யமுனா மூத்த மருமகள். ஆலத்தூர் நாடு என்கிற மலைக் கிராமத்தில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற வீடு. அங்கிருந்து பள்ளிக்கூடம் வந்துபோக பஸ் சரியில்லை என்று, மகன் சந்தோஷ்குமாரை ஆறாம் வகுப்பிலேயே ராதிகா வீட்டில் கொண்டுவந்து விட்டாள். பன்னிரண்டாவது முடியும்வரை ஏழு வருஷம் அவனுக்குச் சோறு போட்டதும் துணி துவைத்ததும் காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்ததும் ராதிகாதான். தன் இரண்டு பெண்களுக்கு ஆளுக்கு ஒரு முட்டை வைத்தால் அவனுக்கு இரண்டு வைப்பாள்.

அவன் படித்து முடித்து லிஸ்பனுக்குப் போனான். ஏதோ பெரிய கம்பெனி என்று ஊரெல்லாம் பேச்சு. போன பிறகுதான் தெரிந்தது, சுற்றுலா வருகிறவர்களுக்கு ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த பொம்மை விற்கும் கடை. சேவல், பாலம், கோட்டை, மத்தி மீன். காசு கொடுத்து மத்தி மீன் பொம்மை வாங்குவார்களா என்று கேட்காதீர்கள், நம் மலைக்கு வருகிறவர்கள் மிளகு வாங்கிப் போவது மாதிரி அங்கே அதை வாங்கிப் போகிறார்களாம். லீவில் ஊருக்கு வரும் நண்பர்களிடம் அவன் அம்மாவுக்கு ஒன்றிரண்டு கொடுத்தனுப்புவான். யமுனா வீட்டுக் கதவில் ஒன்பது சேர்ந்துவிட்டன.

ராதிகாவுக்கு ஒன்றுகூட வரவில்லை.

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டு வாங்குவதில் என்ன இருக்கிறது? அந்தப் பையனின் நினைப்பில் தான் இருக்கிறோமா, இல்லையா? அதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவன் போனில் கூப்பிட்டால், வேலையாக இருக்கிறேன் கண்ணு என்று வைத்துவிடுவாள். நாலு தடவை அப்படி வைத்த பிறகு அவன் கூப்பிடுவது குறைந்தது. அதற்கும் அவனையே திட்டினாள்.

போன தையில், யமுனாவுடையதைவிடப் பெரிய ஃபிரிட்ஜ் ஒன்றை சேலத்தில் வாங்கினாள். முகம் தெரியும்படி பளபளக்கும் கதவு. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வேனின் பின்னால் உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்தபடி மலையேறினாள். யமுனா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கதவு மொட்டையாக இருக்கிறதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ராதிகாவுக்குச் சுருக்கென்றது.

மாரியம்மன் நோம்பிக்கு ஆலத்தூர் நாட்டுக்குப் போனபோது சொந்தமெல்லாம் அந்த ஃபிரிட்ஜ் முன்னால்தான் நின்றது. யமுனா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, இது ஆறு, இது கோட்டை என்று தானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி விளக்கிக்கொண்டிருந்தாள். பந்தி ஆரம்பித்து எல்லோரும் நகர்ந்தார்கள். தயிர் எடுக்கப் போன ராதிகாவின் கை தானாக ஒரு மஞ்சள் டிராம் பொம்மையைப் பிடுங்கி ஹேண்ட்பேக்கில் போட்டது. அவள் பிறத்தியார் வீட்டுப் பொருளைத் தொட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து தன் ஃபிரிட்ஜில் ஒட்டினாள். நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு விழுந்தது. மறுபடி ஒட்டினாள், மறுபடி விழுந்தது. பளபளப்பைப் பார்த்து வாங்கியது கண்ணாடிக் கதவு, அதில் காந்தம் ஒட்டாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்னையே நொந்துகொண்டு குனிந்து எடுத்தாள். டிராம் குப்புறக் கிடந்தது. முதுகில் டேப் போட்டு ஒட்டிய துண்டுக் காகிதம். சந்தோஷின் கோழிக் கிறுக்கல் எழுத்து.

“சித்திக்கு. இந்த டிராம்லதானுங்க நான் வேலைக்குப் போறது.”

தரையிலேயே உட்கார்ந்து அதைப் பத்துத் தடவை படித்தாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது. அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். யமுனா தரையில் படுத்துக்கொண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். ராதிகா கதவிலிருந்த எட்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்றின் முதுகில் சித்திக்கு என்று இருந்தது. கையிலிருந்த டிராமைச் சேர்த்தால் நான்கு.

யமுனா எழுந்து உட்கார்ந்தாள். டிராமைப் பார்த்தாள். திருடியதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

“பெத்தது நானு, ராதிகா. போன் பண்ணுனா அவன் மொதக் கேள்வியே சித்தி நல்லா இருக்காங்களான்னுதான். இதைக் குடுத்தீங்களாம்பான், குடுத்துட்டேன்னுருவேன். எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு.”

“பின்ன இந்தக் காகிதத்தை மட்டும் ஏனுங்க்கா கிழிக்காம உட்டீங்க?”

“அவன் கையெழுத்து. கிழிக்க மனசு வல்லே.”

மூன்று வருஷம் தான் வெந்து செத்ததும் இந்த வீட்டைப் பார்த்து, இந்த வீடு வெந்ததும் தன்னைப் பார்த்து என்பது ராதிகாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. மனசு குளிர்ந்தது. குளிர்ந்ததை மறைக்கத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பதையும் பழையபடி ஒவ்வொன்றாகக் கதவில் ஒட்டினாள்.

“இங்கயே இருக்கட்டுங்க்கா” என்றாள்.

உன் மனசு யாருக்கு வரும் என்று யமுனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ராதிகா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பால் எடுக்கவும் தயிர் எடுக்கவும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யமுனா அந்தக் கதவைத் திறந்தாக வேண்டும். எந்த நான்கு யாருடையவை என்று தெரிந்துகொண்டே திறக்கட்டும் என்றுதான் விட்டுவிட்டு வந்தாள்.